நகலில் வளர்ந்த சித்திரக்கதை

இணையத்தில் ஒரு சித்திரக்கதை பெயர் வாங்கிவிட்டால் போதும், அதே சாயலில் பத்து கதைகள் முளைத்துவிடுகின்றன என்று இளைஞர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இது இன்று வந்த பழக்கமல்ல. சித்திரக்கதை தவழ்ந்த காலத்திலேயே இருந்ததுதான்.

ஜெனீவாவில் ரொடோல்ஃப் டொப்ஃபர் (1799–1846) என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். தகப்பனார் ஓவியர். மகனுக்கும் அதே ஆசைதான். கண் கோளாறு விடவில்லை. ஆகவே வேடிக்கையான கோட்டுப் படங்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் பிரெஞ்சில் ஓரிரு வரி எழுதித் தம் வட்டத்தாரைச் சிரிக்கவைத்தார். முதுமையில் அவற்றைப் பார்த்த ஜெர்மானியக் கவிஞர் கதே பாராட்டிய பிறகுதான் துணிந்து அச்சுக்குக் கொடுத்தார். 1833-இல் ‘முசியே ஜபோ’ அச்சாகியது.

அச்சிட்ட முறையும் சுவையானது. தனித் தாளில் தனி மையால் வரைந்து, அதைக் கல்லில் பதித்துப் பிரதி எடுத்தார். சைக்ளோஸ்டைல் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கையெழுத்தும் கோடும் அப்படியே பிரதியில் வரும்.

1839-இல் பாரிஸின் ஓபேர் பதிப்பகம் அவருடைய புத்தகங்களை அனுமதி கேட்காமலே நகலெடுத்து விற்றது. அதே ஆண்டு டொப்ஃபர் ‘முசியே வியோ புவா’ கதையைப் புதிதாக வரைந்து இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். நகல் அத்துடன் நிற்கவில்லை. 1842-இல் நியூயார்க் வாரப் பத்திரிகை ஒன்று, அந்தக் கதையையே ஆங்கிலமாக்கி ‘ஒபதையா ஓல்ட்பக்’ என்ற பெயரில் இணைப்பாக வெளியிட்டது.

இது திருட்டு. ஆனால் அதே ஓபேர் 1839-இல் வேறொன்றும் செய்தது. டொப்ஃபர் பாணியில் ஓர் இளைஞர் சொந்தமாக வரைந்த கதையை வெளியிட்டது. அவர் நோவே பிரபுவின் மகன். விவிலிய நோவாவின் மகன் பெயரையே ‘காம்’ என்று புனைபெயராக வைத்துக்கொண்ட குறும்புக்காரர். 1847-இல் பதினைந்து வயது குஸ்தாவ் தொரேயின் ஹெர்குலிஸ் கதையும் அங்கேதான் வந்தது. பிற்காலத்தில் விவிலியத்துக்குப் படம் வரைந்து உலகப் புகழ் பெற்ற அதே தொரேதான்.

1845-இல் ‘இலுஸ்த்ராசியோன்’ இதழ் டொப்ஃபரின் ‘கிரிப்தோகாம்’ கதையைத் தொடராக வெளியிட்டபோது, படங்களை அச்சுக்கான மரக்கட்டையில் திரும்ப வரைந்து கொடுத்தவர் காம். பார்த்து வரைந்தவரே ஆசிரியருக்குக் கையாக நின்றார்.

அமெரிக்காவிலும் இதேபோல் ஒரு கதை. ஜெர்மனியின் வில்ஹெல்ம் புஷ் 1865-இல் படைத்த ‘மாக்ஸும் மோரிட்ஸும்’ என்ற இரு போக்கிரிச் சிறுவர்களை முன்மாதிரியாக வைத்து, ருடால்ஃப் டர்க்ஸ் 1897-இல் ‘காட்சன்ஜாமர் கிட்ஸ்’ தொடரை ஹர்ஸ்டின் பத்திரிகையில் தொடங்கினார். பின்னால் இருவருக்கும் மனக்கசப்பாகி, வழக்கு நீதிமன்றம் போனது. தலைப்பு ஹர்ஸ்டுக்கு, பாத்திரங்களை வேறு தலைப்பில் வரையும் உரிமை டர்க்ஸுக்கு. முன்மாதிரி பார்த்துப் பிறந்த பிள்ளைகள் இரண்டு பத்திரிகைகளில் போட்டி போட்டு வளர்ந்தார்கள்!

அடுத்தவர் படத்தை அப்படியே எடுத்து விற்பவன் ஓபேர். அடுத்தவர் பாணியைப் பழகிக்கொண்டு தன் கதையைச் சொல்பவன் காம். முன்னவனால் பிரதிகள் பெருகின. பின்னவனால்தான் கலை வளர்ந்தது.

வீட்டில் பேரப்பிள்ளை யார் படத்தையாவது பார்த்து வரைந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். யாரைப் பார்த்து வரைந்தது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தாளில் சொந்தக் கதை ஒன்று வரையட்டும்.