கழிவுநீர் கற்பித்த பாடம்

கங்கைக் கரையில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் கல்கத்தாவின் மாளிகைகளையும் பாலங்களையும் நன்கறிவர். ஆயின், இந்நகரத்து இல்லங்களினின்று நாள்தோறும் வெளியேறும் கழிவுநீர் எங்குச் செல்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? அதன் வரலாறு அனைவரும் அறியத்தக்கது.

ஹூக்ளி நதி நகருக்கு மேற்கே ஓடினும், நிலம் கிழக்கு நோக்கியே சரிந்துள்ளது. ஆதலின் ஆங்கிலேயப் பொறியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நிலத்தடிச் சாக்கடைகள் அமைத்து, கழிவுநீரைக் கிழக்குத் திசையிலிருந்த உப்பேரிகளின் பக்கமும் வித்யாதரி நதிக்கும் செலுத்தினர். நாளடைவில் வண்டல் படிந்து அந்நதி தூர்ந்தது. 1928-இல் இறந்த நதியென அறிவிக்கப்பட்டது. கடல்நீர் வரத்துக் குன்றவே, உவர்நீர் மீன்களும் அருகின. பிழைப்பு இழக்கும் நிலையிலிருந்த மீனவர், கேடென வந்த கழிவுநீரையே செல்வமாக்கத் துணிந்தனர்.

அவர்தம் முறை எளியது. 'பேரி' எனப்படும் ஆழமற்ற குளங்களில் கழிவுநீரை அளவறிந்து பாய்ச்சுவர். வெயிலும் நுண்ணுயிர்களும் அழுக்கைச் சிதைக்கின்றன, பாசி தழைக்கின்றது, அதனை உண்டு ரோகு, கட்லா மீன்கள் வளர்கின்றன. கரையோரத்து ஆகாயத்தாமரை அலையினின்று கரையைக் காக்கின்றது. அருகே தாப்பாவில் நகரக் குப்பையே எருவாகிக் காய்கறி விளைகின்றது. நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி இங்ஙனம் தூய்மையுற, பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன.

இதன் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ். 1980-களில் கழிவுநீரைப் பயன்படுத்தும் வழியை ஆராயப் புகுந்த அவர், வரைபடத்தோடு நில்லாது கால்வாய் வழியே சென்று, ஏட்டுக்கல்வி இல்லாத மீனவரிடம் மாணவராய் அமர்ந்தார். 2018-இல் மறையும் வரை அவர்தம் உரிமைக்காகவே பேசினார்.

எனினும் நகரம் இவ்வேரிகளை விட்டுவைக்கவில்லை. 1960-களில் உப்பேரியின் ஒரு பகுதியை மணலால் தூர்த்தே விதான்நகர் எழுந்தது. எஞ்சிய நிலத்தைக் காக்க 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் தனிச் சட்டமும் பிறந்தது. அதன் பின்னரும் குளங்கள் ஆங்காங்கே தூர்க்கப்பட்டே வருகின்றன.

குளம் தூர்ந்தால் மீனவர் பிழைப்பு மட்டுமா போகும்? மழைநீர் வடிய இடமின்றி நம் தெருக்களும் அல்லலுறும். வீடு தேடும் நாம், அம்மனை எந்நிலத்தின்மீது எழுந்தது என ஒரு கணம் வினவுதல் வேண்டும். வந்தாரை வாழவைத்த இந்நகருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவன்றோ!