பச்சை பட்டன் காணாமல் போன கதை

ஆபரேட்டிங் சிஸ்டத்தை மேம்படுத்தினால் என்ன ஆகும்? புதிதாக ஏதாவது கிடைக்கும். இதுதானே நம் எல்லோருடைய எதிர்பார்ப்பும்! ஆனால் வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு நடந்தது வேறு. அமெரிக்காவில் நடந்த கதை இது.

2002 அக்டோபரில் மைக்ரோசாப்ட், விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷனை வெளியிட்டது. கடையில் தனியாக வாங்க முடியாது, புதுக் கணினியோடுதான் வரும். டிவி ட்யூனர் கார்டு, கூடவே ஒரு ரிமோட். அந்த ரிமோட்டில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் சாதாரண விண்டோஸ் மறைந்து, பத்தடி தள்ளி சோபாவில் இருந்தே படிக்கும்படி பெரிய எழுத்துக்களுடன் ஒரு திரை வரும். டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம், பாட்டு கேட்கலாம், டிவிடி பார்க்கலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்தான்.

அடுத்து 2004, 2005 என்று பதிப்புகள் வந்தன. 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360ஐ இன்னொரு அறையில் வைத்து, இதே கணினியில் பதிவானதை அங்கேயும் பார்க்க முடிந்தது.

முதல் அடி 2007 ஜனவரியில் விஸ்டாவோடு விழுந்தது. ஹோம் பிரீமியம், அல்டிமேட் பதிப்புகளில் மீடியா சென்டர் இருந்தது. ஆனால் 2004இல் மக்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் தலைமுறை எக்ஸ்டெண்டர் பெட்டிகள் விஸ்டாவோடு பேசவில்லை! கணினியை மேம்படுத்தியவர்கள் பெட்டியைப் பரண்மேல் போட வேண்டியதாயிற்று. அதை அப்போதே ஒரு எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2009இல் வந்த விண்டோஸ் 7தான் மீடியா சென்டரின் பொற்காலம். பிறகு 2012இல் விண்டோஸ் 8. டிவிடி, டிவி ஒளிபரப்புக்கான டிகோடர்களுக்கு ஒவ்வொரு கணினிக்கும் ராயல்டி கட்ட வேண்டியிருக்கிறது, பயன்படுத்துபவர்களோ குறைவு என்று கணக்குப் பார்த்தது மைக்ரோசாப்ட். மீடியா சென்டர் தனி விலைக்குப் போனது. ப்ரோ பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு 9.99 டாலர். (2013 ஜனவரி 31 வரை மட்டும் இலவசம்.) நெட்பிளிக்ஸ் 2007லேயே இணையம் வழியே படம் காட்டத் தொடங்கிவிட்டதால் பதிவு செய்து பார்க்கும் பழக்கமும் தேய்ந்துகொண்டிருந்தது.

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10, அதுவும் இலவசமாக! ஆனால் அதை நிறுவினால் மீடியா சென்டர் நீக்கப்படும் என்று மைக்ரோசாப்டே எழுதி வைத்திருந்தது. இலவசமாக டிவிடி பிளேயர் செயலி ஒன்றைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2016 பிப்ரவரியில் இந்த மேம்பாட்டைப் 'பரிந்துரைக்கப்பட்டது' பட்டியலில் சேர்த்ததும் சிக்கல் வலுத்தது. அந்த மே மாதம், அறிவிப்புப் பெட்டியை மூடுவதற்காக X குறியை அமுக்கினாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது. டிவி கணினி வைத்திருந்தவர்கள் ஜூலை 29 வரை, அதாவது அந்த இலவச அழைப்பு முடியும் வரை, அப்டேட்டிடமிருந்து தப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை பயம்? பதிவுகள்தான் காரணம். கேபிள் சேனல்களில் பலவற்றை நிறுவனங்கள் 'ஒரு பிரதி மட்டும்' என்று குறியிட்டு அனுப்பின. அப்படிப் பதிவானவை அந்தக் கணினியிலும், அதோடு இணைத்த எக்ஸ்பாக்ஸிலும் மட்டுமே ஓடும். ஹார்டு டிஸ்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினால், கோப்பை முன்பே பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தாலும் திறக்காது, ஏனென்றால் சாவி அழிந்துபோயிருக்கும். வருடக்கணக்கில் சேர்த்தது, தன் வீட்டில், தன் டிஸ்கில்... ஆனாலும் சொந்தமில்லை!

அதனால் பலர் விண்டோஸ் 7இலேயே தங்கினார்கள். 2020 ஜனவரி 14இல் அதற்கான பாதுகாப்பு அப்டேட் நின்றது. அதே மாதத்தோடு நிகழ்ச்சி அட்டவணை சேவையும் முடிந்தது. சிலர் கோடிக்கு மாறினார்கள். (எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்று தொடங்கி 2014இல் பெயர் மாற்றிக்கொண்ட இலவச மென்பொருள்.) அது பாட்டு, போட்டோ, பூட்டில்லாத வீடியோ எல்லாவற்றையும் திறந்தது. பூட்டிய பதிவுகளை மட்டும் அதனாலும் திறக்க முடியவில்லை.