மதீரா ஒயின்

மதீரா ஒயின், போர்த்துக்கலைச் சேர்ந்த மதீரா தீவில் விளையும் திராட்சையிலிருந்து ஆக்கப்படும் வலுவூட்டிய ஒயின். சாராயம் சேர்த்து வலுவேற்றப்படுவதால் போர்ட், ஷெரி ஆகியவற்றோடு ஒரே இனமாக எண்ணப்படுகிறது. ஆல்கஹால் அளவு 17 முதல் 22 விழுக்காடு வரை இருக்கும். போர்ட்டுக்கும் ஷெரிக்கும் இல்லாத ஒரு பக்குவம் இதற்கு உண்டு. செய்து முடித்த ஒயினை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். வேறு எந்த ஒயினையும் கெடுத்துவிடும் சூடும் காற்றும்தான் இதை ஆக்குகின்றன. ஆதலால் மதீராவின் தரத்தைத் திராட்சை இரகத்தைவிட, அது எவ்வகை வெப்பத்தில் எத்தனை ஆண்டு இருந்தது என்பதைக் கொண்டே அறிய வேண்டும்.

நிலமும் கொடியும்

மதீரா, மொராக்கோ கரைக்கு மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் எழுந்த எரிமலைத் தீவு. பரப்பு 741 ச.கி.மீ. மிக உயர்ந்த சிகரமான பிக்கோ ருய்வோ 1,862 மீட்டர். சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் ஏறத்தாழ இல்லை. கருங்கல் சுவர் எழுப்பி, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய சிறு பாத்திகளில் கொடி வளர்க்கிறார்கள். மழை மிகுந்த வடபுறத்து நீரை வறண்ட தென்புறத்துக்குக் கொண்டுவர, லெவாடா எனப்படும் வாய்க்கால்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே மலையைச் சுற்றி வெட்டப்பட்டன. கொடிகள் பெரும்பாலும் தாழ்ந்த பந்தலில் படர்கின்றன. எந்திரம் ஏற வழியில்லாத சரிவுகளாதலால் இன்றும் அறுவடை கையால்தான். சாலை வருவதற்கு முன், மலையிலேயே பிழிந்த சாற்றை ஆட்டுத்தோல் பைகளில் நிரப்பி, சுமைதூக்கிகள் தோளில் ஏற்றி வரிசையாக ஃபுன்ஷால் நகருக்கு இறங்கினார்கள்.

எரிமலை மண்ணின் புளிப்பும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, பழத்தில் அமிலம் மிகுந்து நிற்கிறது. இந்தப் புளிப்பு இல்லையென்றால் இனிப்பு மதீரா திகட்டும் பாகாகிவிடும்; நூறாண்டு தாங்கவும் செய்யாது.

வரலாறு

போர்த்துக்கீசிய மாலுமிகள் 1419இல் மதீராவில் இறங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் குடியேற்றம் தொடங்கியது. போர்த்துக்கீசிய இளவரசர் ஹென்றி கிரீட் தீவிலிருந்து மால்வசியா திராட்சைக் கொடிகளை வருவித்து நடச்செய்தார். 1455இல் தீவுக்கு வந்த வெனிஸ் நாட்டுக் கடலோடி கடமோஸ்டோ அக்கொடிகளைக் கண்டு பாராட்டி எழுதியிருக்கிறார். ஆயினும் தீவின் முதற்பெருஞ்செல்வம் கரும்பு. பிரேசிலின் மலிவான சர்க்கரை ஐரோப்பியச் சந்தையில் குவிந்த பிறகே கரும்புப் பாத்திகள் திராட்சைக்கு மாறின.

மதீராவை உலகறியச் செய்தது அதன் இருப்பிடம். ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்குச் செல்லும் கப்பல்களும், காற்றின் போக்கில் அமெரிக்கா நோக்கிச் செல்லும் கப்பல்களும் ஃபுன்ஷாலில் நங்கூரமிட்டுக் குடிநீரும் உணவும் ஒயினும் ஏற்றிக்கொண்டன. 1768இல் தென்கடல் நோக்கிப் புறப்பட்ட ஜேம்ஸ் குக், தம் எண்டெவர் கப்பலில் இங்கே 3,000 காலனுக்கு மேல் ஒயின் ஏற்றினார். ஆங்கில அரசின் 1663ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிலையை இன்னும் உறுதியாக்கியது. ஐரோப்பியச் சரக்கு எதுவும் ஆங்கிலத் துறைமுகம் வழியாகவே அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போக வேண்டும் என்று அது விதித்தபோது, மதீரா ஒயினுக்கு விலக்கு அளித்தது. பாஸ்டனும் சார்ல்ஸ்டனும் சவன்னாவும் நேராகத் தீவிலிருந்தே வாங்கின. ஆங்கில வணிகர்கள் ஃபுன்ஷாலில் குடியேறிக் கிடங்குகள் கட்டினார்கள். 1745இல் பிரான்சிஸ் நியூட்டன் தொடங்கிய வணிகமே பின்னாளில் கோசார்ட் கார்டன் என்று பெயர்பெற்றது. 1811ஐத் தொடக்கமாகக் கொள்ளும் பிளாண்டி குடும்பம் இன்றும் தொழிலில் இருக்கிறது.

தொடக்கத்தில் இது சாதாரண ஒயினே. பல மாதக் கடற்பயணத்தில் புளித்துப் போகாமலிருக்க, 18ஆம் நூற்றாண்டில் பீப்பாய்க்குச் சிறிதளவு பிராந்தி சேர்க்கத் தொடங்கினார்கள். அந்நூற்றாண்டின் நடுவில் அது பொதுவழக்காகிவிட்டது. மற்றொரு மாற்றம் யாரும் திட்டமிடாமலே வந்தது. வெப்பமண்டலக் கடலைக் கடந்து, விற்காமல் தீவுக்கே திரும்பிவந்த பீப்பாய்களைத் திறந்தபோது ஒயின் கெட்டிருக்கவில்லை. கரகரப்பு போய், நிறம் தேன்போல் கருத்து, மணம் பெருகியிருந்தது. அதன்பின் வணிகர்கள் வேண்டுமென்றே பீப்பாய்களை இந்தியாவுக்கு அனுப்பித் திருப்பி வரவழைத்தனர். போய்த் திரும்பிய ஒயினுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் விஞ்ஞோ ட ரோடா என்று பெயர். இலண்டனிலும் அமெரிக்காவிலும் இந்தியா சென்றுவந்த மதீராவுக்குத் தனி விலை இருந்தது. கப்பலின் ஆட்டமே ஒயினைப் பக்குவப்படுத்தியது என்று அன்று நம்பியவர்கள் உண்டு. உண்மையில் வேலை செய்தது கப்பல் அடித்தளத்தின் வெக்கைதான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியே இவ்வொயின் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கும் வந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கில அலுவலர் மேசைகளில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் வழக்கமாக வைக்கப்பட்ட குடிவகை மதீரா. பிரெஞ்சு ஒயின்கள் சென்னை வெயிலில் கெட்டுப்போக, இது மட்டும் நன்றாயிருந்ததே அதற்குக் காரணம்.

அமெரிக்கக் குடியேற்றங்களின் அரசியலிலும் மதீராவுக்கு இடமுண்டு. பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்கின் லிபர்டி என்ற மரக்கலம் 1768இல் மதீரா ஏற்றிக்கொண்டு பாஸ்டனுக்கு வந்தது. அது 25 பீப்பாய்க்கு மட்டுமே கணக்குக் காட்டியதாகக் குற்றஞ்சாட்டிச் சுங்கத்துறையினர் அதைப் பறிமுதல் செய்ய, நகரில் கலகம் மூண்டது. ஜார்ஜ் வாஷிங்டன் விரும்பிக் குடித்தது மதீரா. 1776இல் விடுதலைச் சாற்றுரையை வாழ்த்தி உயர்த்திய கோப்பைகளிலும் அதுவே இருந்தது என்பது அந்நாட்டு மரபு. 1797இல் கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பலை நீரில் இறக்கியபோது அதன் முகப்பில் உடைத்ததும் மதீரா புட்டியே.

இந்தச் செல்வம் 20 ஆண்டுகளில் சரிந்தது. 1850களின் தொடக்கத்தில் சாம்பல் நோய் கொடிகளைத் தாக்கியது. கந்தகம் தூவி ஓரளவு மீட்ட தோட்டங்களை 1872இல் பில்லாக்செரா எனும் வேர்ப்பூச்சி அழித்தது. வணிகர் பலர் ஊர் திரும்பினர். உழவர்கள் கரும்புக்கும் வாழைக்கும் மாறினர். எஞ்சியோர், பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கலப்பினக் கொடிகளை நட்டனர். 1917 புரட்சியில் ரஷ்யச் சந்தையும், 1920இல் வந்த மதுவிலக்கால் அமெரிக்கச் சந்தையும் கைநழுவின.

செய்முறை

பழத்தைப் பிழிந்து சாற்றை நொதிக்க விடுகிறார்கள். சாற்றிலுள்ள சர்க்கரை ஆல்கஹாலாக மாறிக்கொண்டிருக்கும்போது 96 விழுக்காடு வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செத்து, மாறாத சர்க்கரை அப்படியே நின்றுவிடும். எப்போது ஊற்றுவது என்பதே இனிப்பைத் தீர்மானிக்கிறது. இனிப்பு மிகுந்த இரகமான மால்வசியாவுக்கு ஓரிரு நாளிலேயே ஊற்றிவிடுவார்கள். இனிப்புக் குறைந்த இரகமான செர்சியாலைச் சர்க்கரை பெரும்பாலும் தீரும்வரை விட்டுவைப்பார்கள்.

அடுத்தது வெப்பமூட்டல். இதற்கு இரண்டு வழிகள். முதலாவது எஸ்டுஃபாஜெம். ஒயினை எஃகுத் தொட்டியில் நிரப்பி, வெந்நீர் ஓடும் குழாய்ச் சுருளாலோ வெளிச்சுற்று உறையாலோ 45 முதல் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். கப்பற்பயணச் செலவைத் தவிர்க்க 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சூட்டறைகளே இதன் முன்னோடி. இவ்வழியில் செய்தது அறுவடைக்குப்பின் இரண்டாம் ஆண்டு அக்டோபர் இறுதிக்குமுன் விற்பனைக்கு வரக்கூடாது. விரைவும் மலிவும் இதன் ஆதாயம். ஆனால் வலிந்து ஏற்றிய சூட்டில் சர்க்கரை தீய்ந்த வாடை ஒயினில் தங்கிவிடுவதுண்டு.

இரண்டாவது கான்டெய்ரோ. சிறந்த மதீரா இவ்வழியில்தான் உருவாகிறது. ஃபுன்ஷாலின் பழைய கிடங்குகளில் ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே உள்ள மாடத்தில், கனத்த மர உத்தரங்களின் மேல் பீப்பாய்களைக் கிடத்துகிறார்கள். விளிம்புவரை நிரப்புவதில்லை; மேலே காற்றுக்கு இடம் விடுகிறார்கள். கோடையில் கூரைச் சூடு பீப்பாயில் இறங்குகிறது, குளிர்காலத்தில் தணிகிறது. நீர் மரத்தின் வழியே கசிந்து ஆவியாக, சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. சில ஆண்டு கழித்து பீப்பாயை ஒரு தளம் கீழே, சற்றுக் குளிர்ந்த இடத்துக்கு இறக்குகிறார்கள். பின்னும் சில ஆண்டு கழித்து அதற்கும் கீழே. ஓக், கஷ்கொட்டை, பிரேசில் நாட்டு முதிரை மரங்களாலான பீப்பாய்கள் இதற்குப் பயன்படுகின்றன. மரத்தின் வாசம் ஒயினில் ஏறிவிடாதபடி பெரும்பாலும் பழகிய பீப்பாய்களையே வைத்துக்கொள்கிறார்கள்.

வெப்பமும் ஆக்சிஜனும் ஒயினில் செய்வதை வேதியியல் இப்போது ஓரளவு விளக்குகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த கொட்டையின் மணமும் தோன்றுகின்றன. ஆண்டுகள் ஏற ஏற சோடோலோன் என்ற சேர்மம் கூடுகிறது. வறுத்த வெந்தயத்துக்கு மணம் தருவதும் இதே சேர்மம். முதிர்ந்த மதீராவை முகரும்போது நம்மவர்க்குச் சமையலறை நினைவு வந்தால் அது வெறும் கற்பனையாகாது.

ஆக்கும்போதே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயின் ஆதலால், பின்னர் அவற்றால் இது கெடுவதில்லை. திறந்த புட்டி மாதக்கணக்கில் சுவை மாறாது. மூடிய புட்டி தலைமுறைகளைத் தாண்டியும் நிற்கும். அமெரிக்காவில் நியூஜெர்சியிலுள்ள லிபர்டி ஹால் அருங்காட்சியகத்தின் நிலவறையில், புதுப்பிப்புப் பணியின்போது 1796ஆம் ஆண்டு மதீராப் பெட்டிகள் கிடைத்தன. மற்ற ஒயின் புட்டிகளைப் போலப் படுக்கவைக்காமல் மதீராப் புட்டியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஒயின் பட்டுக்கொண்டேயிருந்தால் தக்கை அரிக்கப்பட்டுவிடும்.

இரகங்களும் இனிப்பும்

உயர்குல இரகங்கள் என்று நான்கைச் சொல்வது மரபு. இனிப்பின் ஏறுவரிசையில் அவை செர்சியால், வெர்டெலோ, புவால், மால்வசியா. செர்சியால் குளிர்ந்த மேட்டுநிலத்திலும் வடபுறத்திலும் விளையும். லிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 65 கிராம் சர்க்கரை நின்றாலும் புளிப்பின் கூர்மையால் இனிப்பற்ற, அதாவது உலர்ந்த சுவையே தோன்றும். வெர்டெலோ அரை உலர் வகை. 80 கிராம் வரை. புவால் அரை இனிப்பு. 96 கிராம் வரை. அதற்கு மேற்பட்டது மால்வசியா. ஆங்கிலேயர் அதை மாம்சி என்பர். ஐந்தாவதான டெரான்டெஸ், இனித்துத் தொடங்கிக் கசந்து முடியும் அரிய இரகம். ஏறத்தாழ அழிந்து, இப்போது மீண்டும் சிறிது நடப்படுகிறது.

தீவில் மிகுதியாக விளைவது இவற்றுள் எதுவுமன்று. டிண்டா நெக்ரா என்ற கருந்திராட்சை. பில்லாக்செராவுக்குப்பின் பரவிய இது, எந்த இனிப்பு அளவுக்கும் வளைந்துகொடுக்கும். முன்பு இதிலிருந்து செய்ததையும் செர்சியால், புவால் என்று பெயரிட்டு விற்றார்கள். 1986இல் போர்த்துக்கல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபின், சீட்டில் இரகப் பெயர் போட வேண்டுமானால் 85 விழுக்காடாவது அவ்விரகமாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கலப்பினத் திராட்சைகளும் மதீரா ஒயினிலிருந்து விலக்கப்பட்டன. இரகப் பெயர் இல்லாத ஒயினில் உலர், அரை உலர், அரை இனிப்பு, இனிப்பு என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் டிண்டா நெக்ரா.

வயதுவகை

மூன்றாண்டு மதீரா பெரும்பாலும் எஸ்டுஃபாஜெம் வழியில் வந்தது. சமையலுக்கே அது தகும். 5, 10, 15, 20, 30, 40, 50 ஆண்டு என்று குறிப்பிட்டவை பல அறுவடைகளின் கலவை. புட்டியில் உள்ள ஒவ்வொரு துளியும் அத்தனை வயதுடையது என்று இதற்குப் பொருளில்லை. அவ்வயதுக்குரிய தன்மை இருக்கிறதா என்று தீவின் ஒயின் கழகத்துச் சுவைக்குழு குடித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறது. அமெரிக்கச் சந்தையில் பெயர்பெற்ற ரெயின்வாட்டர் என்பது இளநிறமுள்ள, அரை உலர் மென்வகை.

ஒரே ஆண்டு அறுவடையிலிருந்து எடுத்துக் குறைந்தது 5 ஆண்டு மரத்தில் வைத்தது கொல்ஹெய்டா. உச்சியில் நிற்பது ஃபிராஸ்கெய்ரா. ஒரே ஆண்டு, ஒரே உயர்குல இரகம், குறைந்தது 20 ஆண்டு மரப்பீப்பாய் என்பன இதன் நிபந்தனைகள். பல கிடங்குகள் 20 ஆண்டோடு நிறுத்துவதில்லை. 50, 60 ஆண்டு பீப்பாயில் கிடந்த ஒயின்களும் உண்டு. இவ்வகைப் புட்டியில் தாள் சீட்டு ஒட்டாமல், அச்சுத் தகடு வைத்து, கருங்கண்ணாடியின் மேலேயே இரகத்தையும் ஆண்டையும் வெண்சாயத்தில் எழுதும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. தாள் நிலவறை ஈரத்தில் உதிர்ந்துவிடும், சாயம் உதிராது.

சொலெரா என்பது ஷெரி நாட்டு முறையைத் தழுவியது. பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் எடுத்து, அவ்விடத்தை இளைய ஒயினால் நிரப்புவார்கள். பத்துமுறைக்கு மேல் அப்படி நிரப்பக்கூடாது. சீட்டில் இருப்பது முதல் ஒயினின் ஆண்டு. பழைய சொலெராப் புட்டிகளில் அந்த ஆண்டு ஒயின் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாததால், ஃபிராஸ்கெய்ராவுக்கு இணையாக இதை வைப்பதற்கில்லை.

இன்றைய நிலை

தீவில் ஏறத்தாழ 500 ஹெக்டேர் நிலத்தில் திராட்சை விளைகிறது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் பிளாண்டி, என்ரிக்கஸ் இ என்ரிக்கஸ், பார்பெய்டோ, ஒலிவெய்ரா, ஜஸ்டினோ முதலிய சில மட்டுமே. பெரும் அளவில் வாங்குவது பிரான்சு. அங்கு மிகுதியும் சமையற் குழம்புக்குச் செல்கிறது.