பின்சீட்டில் துரை, ஸ்டியரிங்கில் தாத்தா: மலைநாட்டு வளைவுகளும் ஸ்போர்ட்ஸ் செடானும்

கலஹா சந்தியில் இருந்து நம்ம கம்பஸுக்கு நடுவால போகிற ரோட்டைத் தெரியாத பேராதனை மாணவர் யாரும் இருக்க முடியாது. மகாகந்த, ஹிந்தகல என்று ஏறிக்கொண்டே போனால் கலஹா வரும். அதற்கும் மேலே போனால், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம். பஸ்ஸில் போனால் வயிற்றைப் பிரட்டும் ரோடு அது.

போன மாசம் அதே ரோட்டில் நண்பனின் அண்ணாவுடைய பழைய டொயோட்டா அல்டெஸாவில் போனோம். தாத்தாவும் வந்திருந்தார். தாத்தா முப்பது வருசத்துக்கு மேல் தோட்டத்து டிரைவராக இருந்தவர். "பின்னால வசதியா உக்காருங்க தாத்தா" என்று அண்ணா கதவைத் திறந்துவிட்டார். தாத்தா கேட்காத மாதிரி முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். நாலைந்து பெண்ட் தாண்டியதும், "இந்த வண்டி ஒடம்ப சாய்க்கல தம்பி, நல்லா புடிச்சு நிக்குது" என்றார். அதற்குப் பிறகு கலஹா வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய வலது கால் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

ஏன் அவர் பின்னால் உட்காரவில்லை? இதை யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ஒரு ஆடம்பரக் காரில் யாருக்கு முக்கியமான சீட்? ரொம்பக் காலமாக இதற்கு விடை பின்சீட்தான். பெரிய கார் வைத்திருப்பவருக்கு டிரைவர் இருப்பார். அதனால் கார் மெத்தையாக ஓட வேண்டும், சத்தம் இருக்கக்கூடாது, பின்னால் கால் நீட்ட இடம் வேண்டும். ஸ்டியரிங் எப்படி இருந்தால் என்ன, அது டிரைவருடைய பாடு. ஸ்போர்ட்ஸ் செடான் இந்தக் கணக்கை மாற்றியது. நாலு கதவு, குடும்பம் உட்கார இடம், சாமான் வைக்க டிக்கி எல்லாம் இருக்கும். ஆனால் முதலாளியே ஓட்டுவார், ஓட்டுவதுதான் அவருடைய ஆடம்பரம். அது பின்சீட்டில் இருந்த முதலாளியை முன்சீட்டுக்குக் கொண்டுவந்த கார்.

நம்ம மலைநாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதற்கு முதலில் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

1815இல் கண்டி ராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817-18இல் ஊவாவில் பெரிய கிளர்ச்சி. அதை அடக்கப் பட்ட பாட்டில் ஆங்கிலேயருக்கு ஒரு விசயம் புரிந்தது: ரோடு இல்லாமல் இந்த மலையை ஆள முடியாது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டது. பீரங்கியும் மாட்டு வண்டியும் ஏற வேண்டிய ரோடு. மாடு செங்குத்தாக இழுக்காது. அதனால் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏற வேண்டியிருந்தது. இன்றைக்கு கடுகண்ணாவையில் நாம் ரசிக்கிற வளைவுகளுக்கு மூலகாரணம் மாட்டு வண்டி.

அந்த ரோட்டை வெட்டியது யார்? இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் பிடித்துவரப்பட்ட கிராமத்து மக்கள். கடுகண்ணாவையில் நிற்கிற வெள்ளைக் கோபுரத்தில் அவர்களுடைய பெயர் இல்லை. ரோட்டுக்குத் திட்டம் போட்ட கப்டன் டோசனின் பெயர்தான் இருக்கிறது. அவர் 1829இல் இறந்தார், கோபுரம் 1832இல் கட்டப்பட்டது. அதே 1832இல்தான் கொழும்பில் இருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே வருசம்தான்.

கட்டாய ஊழியம் போன பிறகு கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் நம்ம முன்னோர்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்து, மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். தோட்டத்துக்குள் இருக்கிற வண்டிப் பாதைகளை எல்லாம் வெட்டியதும் அவர்கள்தான். இன்றைக்கு அந்தப் பாதைகள் பலவற்றில் கார் ஓடுகிறது.

கார் வந்ததும் அது துரைமாருடையதாக இருந்தது. பங்களாவில் இருந்து கிளப்புக்கு, கிளப்பில் இருந்து கண்டிக்கு. வேகமாக ஓட்டுகிற ஆசையும் அவர்களுக்கு வந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கியது. ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் யார் குறைந்த நேரத்தில் மேலே ஏறுவது என்பதுதான் போட்டி. கொழுந்துக் கூடை சுமந்து ஏறின பாதை ஓட்டப் பாதையாக மாறியது.

சரி, இப்ப கார்களுக்கு வருவோம். மூன்று தலைமுறைக் கார்களை மூன்று அளவுகோலில் பார்க்கலாம்: தோற்றம், வளைவில் நடந்துகொள்கிற விதம், ஓட்டுகிற சந்தோசம்.

முதலாவது, 1959இல் வந்த ஜாகுவார் மார்க் 2. தோற்றத்தில் இன்றைக்கும் இதை அடிக்க ஆள் இல்லை என்பது என் கட்சி. உருண்ட தோள், தாழ்ந்து போகிற பின்பக்கம், உள்ளே வால்நட் மரப்பலகையும் தோல் சீட்டும். 3.8 லீட்டர் எஞ்சினில் 220 குதிரைவலு, மணிக்கு 200 கிலோமீட்டர் வரைக்கும் போகும். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம். ஏனென்றால் நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆனால் பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சுத்தண்டில் கட்டப்பட்டிருந்தன. ஒரு பக்கம் குழியில் விழுந்தால் மறுபக்கமும் ஆடும். கவனிக்க வேண்டிய இன்னொன்று: முன்சீட்டின் முதுகில் பின்னால் இருப்பவர்களுக்கு மடக்கி வைக்கிற சின்ன மேசை. ஓட்டுபவருக்கான கார்தான், ஆனால் பின்சீட்டை விட்டுவிட இன்னும் மனசு வரவில்லை.

இரண்டாவது, ஒரு ஜெர்மன் ஜோடி. 1959 கடைசியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் கிட்டத்தட்ட மெர்சிடிஸ் பென்ஸ் காரர்களுக்கு விற்கப்படுகிற நிலையில் இருந்தது. அதில் இருந்து தப்பி, 1961இல் 1500 என்ற நாலு கதவுக் காரைக் காட்டியது. நடுத்தர வர்க்கத்துக்கான, ஓட்டச் சுகமான செடான். அந்த வழியில் வந்ததுதான் 1982இல் வெளியான இரண்டாம் தலைமுறை 3 சீரிஸ், கார் பைத்தியங்கள் E30 என்று சொல்வது. அதே 1982இல் மெர்சிடிஸும் தன் சின்னக் காரான 190ஐ இறக்கியது.

தோற்றத்தில் இரண்டுமே பெட்டி வடிவம்தான். 190 இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, ஒரு மடிப்புக் கலையாது. 3 சீரிஸ் கொஞ்சம் திமிர் பிடித்த பையன். ஆனால் உள்ளே பாருங்க: 3 சீரிஸின் டாஷ்போர்ட் நடுப்பகுதி ஓட்டுபவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். இந்தக் காரில் யார் முக்கியம் என்பதை அந்தச் சாய்வே சொல்லிவிடும். பின்சீட்டில் கால் நீட்ட இரண்டிலுமே இடம் குறைவு. பின்சீட் தோற்றுப்போன தலைமுறை இது.

வளைவில் என்ன வித்தியாசம்? 190இன் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கம்பிகள் பிடித்திருக்கும். குழியிலோ வளைவிலோ சக்கரம் மேலே கீழே போனாலும் அதன் திசை மாறாது. நம்பி ஓட்டலாம். 3 சீரிஸில் பின்பக்கம் அவ்வளவு அடக்கம் இல்லை. ஈர ரோட்டில் வளைவின் நடுவில் பயந்து எக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் வால் வெளியே போகும். ஆனால் அதன் ஸ்டியரிங் ரோட்டில் இருக்கிற சின்னக் கல்லைக்கூடக் கைக்குச் சொல்லும். பென்ஸின் ஸ்டியரிங் அவ்வளவு பேசாது. அதனால் என் தீர்ப்பு: மழையில் ரம்பொடையில் இருந்து இறங்க 190, வெயிலில் ஏற 3 சீரிஸ்.

மூன்றாவது, 1998இல் வந்த டொயோட்டா அல்டெஸா. வெளிநாடுகளில் லெக்சஸ் ஐ.எஸ். என்று விற்றார்கள். ஜெர்மன்காரர்களின் வீட்டுக்குள்ளேயே போய்ப் போட்டி போட ஜப்பான் செய்த கார். பின் சக்கர இழுவை, RS200 மாடலில் ஆறு கியர், 2 லீட்டரில் 210 குதிரைவலு. மீட்டர்கள் கைக்கடிகாரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவான அதன் பின்விளக்கை உலகம் முழுக்கக் கொப்பியடித்தார்கள். ஜெர்மன் ஜோடியின் கனமான தரம் இதன் உட்புறத்தில் இல்லை, பிளாஸ்டிக் தெரியும். ஆனால் வளைவில் நேர்மையான கார். எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு திரும்பும்.

இப்ப தாத்தா ஓட்டின வண்டி. அது இந்தப் பட்டியலிலேயே வராது: பீஜோ 404. 1960இல் வந்த பிரெஞ்சுக் குடும்பக் கார். கியர் ஸ்டியரிங் பக்கத்தில், ஆரம்ப மாடல்களில் நாலும் டிரம் பிரேக். ஆனால் இந்தச் சாதுவான கார்தான் கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலியை 1963, 1966, 1967, 1968 என்று நாலு தடவை வென்றது. நடுவில் 1965இல் வென்றவர் கென்யாவின் ஜோகிந்தர் சிங், ஒரு வொல்வோவில். 1974இலும் 1976இலும் மிட்சுபிஷி லான்சரில் அவரே மறுபடி வென்றார். கராஜில் மெக்கானிக்காக வளர்ந்த ஒரு சீக்கியர், வெள்ளைக்காரர்களின் விளையாட்டில் மூன்று முறை முதலிடம்.

தாத்தா 1968இல் டிரைவர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது, குடியுரிமை இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது, அதில் அவரும் ஒருவர். 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவர் இலங்கையர் ஆனார். அதுவரைக்கும் இந்த நாட்டின் ஒவ்வொரு பெண்ட்டையும் தெரிந்த மனுசன், இந்த நாட்டுக்காரர் இல்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் வெள்ளைக்காரத் துரை போனார், நம்ம நாட்டுத் துரை வந்தார். பின்சீட்டில் ஆள் மாறியது. முன்சீட்டில் தாத்தாதான்.

அவரிடம் நான் கேட்டேன், ஓட்டுறது புடிச்சிருந்ததா, இல்ல வேலைன்னு ஓட்டினீங்களா?

"துரைய எறக்கி விட்டுட்டு வெறும் வண்டியோட வருவேன் பாரு, புசல்லாவைல இருந்து. அதுதான் ஓட்டுறது. துரை இருக்கப்ப அவரு டீ சிந்தாம ஓட்டணும். தனியா வரப்ப எனக்காக ஓட்டுவேன். வேகமா இல்ல. ஏறின கியர்லயே எறங்குவேன், பிரேக்க தொடாம. பெண்ட்டுக்கு முன்னாலயே எல்லாத்தையும் முடிச்சிரணும், பெண்ட்டுக்குள்ள வண்டி தானா போகும்."

மோட்டார் பந்தயப் பள்ளியில் காசு கட்டினால் சொல்லித்தருகிற முதல் பாடம் இதுதான்: வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறை, கியரை மாற்று, உள்ளே போனதும் வண்டியைக் குழப்பாதே. தாத்தாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சூடேறின டிரம் பிரேக் சொல்லித்தந்தது.

கார்ச் சரித்திரம் எழுதுபவர்கள் ஓட்டும் சந்தோசத்தைக் காரின் சொந்தக்காரரிடம் இருந்து தொடங்குகிறார்கள். ஐரோப்பாவுக்கு அது சரியாக இருக்கலாம். நம்ம மலையில் சொந்தக்காரர் முன்சீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அந்தச் சந்தோசத்தைத் தெரிந்துகொண்ட ஒரு கூட்டம் இருந்தது. தோட்டத்து டிரைவர்கள், கொழுந்து லொறிக்காரர்கள், இ.போ.ச. பஸ் சாரதிகள். அவர்களிடம் கார் இல்லை. இதற்காக நான் அந்தக் காலத்தை அழகாகக் காட்ட வரவில்லை. துரையின் டீ சிந்தினால் வேலை போகும் என்ற பயமும் அதே ஸ்டியரிங்கில்தான் இருந்தது. ஆனால் அவர்களுடைய கைத்தெரிவும் இந்த நாட்டு மோட்டார் சரித்திரம்தான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைக்கும் நல்ல கார் நமக்குத் தூரம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியையும் சேர்த்தால் ஒரு புது 3 சீரிஸின் விலை நம்மில் பலருக்கு வெறும் இலக்கம். அதனால்தான் இருபது வருசத்துக்கு மேலான அல்டெஸாக்களைப் பெயின்ட் அடித்து அடித்து வைத்திருக்கிறார்கள்.

கலஹாவில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது அண்ணா சாவியைத் தாத்தாவிடம் நீட்டினார். கண் பார்வை குறைந்து அவர் லைசன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு ஆறு வருசம். சாவியை வாங்கி ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீயே ஓட்டு தம்பி. ஆனா ஏறின கியர்லயே எறங்கு."

உங்க வீட்டிலும் ஒரு டிரைவர் தாத்தாவோ மாமாவோ இருக்கலாம். எந்த வண்டி, எந்த ரோடு, தனியாக வரும்போது எப்படி ஓட்டினார் என்று கேட்டு எழுதி வையுங்க. கோபுரத்தில் போடாத பெயர்களைக் குறைந்தபட்சம் நாமாவது எழுதுவோம்.