மலை மறித்த ஆறு

வட்டுக்கோட்டையிற் பிறந்தவனுக்கு மலையும் புதிது, மலையாறும் புதிது. எங்கள் அயலிலே, அராலியிற் கடலேரியோடு கலக்கும் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. மற்றை மாதங்களில் அதனை ஆறு என்றால் பிறவூரார் நகைப்பர். மலை சரிந்து ஆற்றை மறித்த கதையை நேயர்களுக்குச் சொல்லச் சரித்திரத்தையே துணைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1893 செப்டெம்பரில், இமயத்தின் கட்வால் பகுதியிலே, அலக்நந்தாவின் கிளையாகிய பிரஹிகங்கையின் குறுக்கே, கோனா என்னும் சிற்றூரருகே ஒரு மலைப்பக்கம் இடிந்து வீழ்ந்தது. வீழ்ந்த பாறையும் மண்ணும் ஏறக்குறைய 900 அடி உயர அணையாயின. பள்ளத்தாக்கோ ஒடுங்கியது, ஆதலின் தேங்கிய நீர் அகலப் பரவாமல் மேலே மேலே உயர்ந்தது. நாம் கட்டுங் குளத்துக்குக் கலிங்கு உண்டு, இதற்கு இல்லை. நீர் விளிம்பைக் கடந்ததும் இறுகாத மண்ணை அரிக்கும். அரித்த வழி அகலும். அகன்ற வழியால் இன்னும் நீர் பாயும். பல மாதஞ் சேர்ந்த வெள்ளம் சில மணி நேரத்தில், கல்லும் மரமும் உடன்வர, இறங்கிவிடும்.

புல்போர்ட் என்ற பொறியியலாளர், நீர் மேலேறும்வரை அணை உடையாது, அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அபாயம் என்று கணித்தார். வீண் அச்சமூட்டாமலும் அலட்சியஞ் செய்யாமலும் அவர் சொன்ன அந்தக் கணக்கே பின்வந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஆதாரமாயிற்று. கோனாவிலிருந்து கீழூர்களுக்குத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. தொங்குபாலங்கள் கழற்றப்பட்டன. யாத்திரிகர் வேறு வழியே திருப்பப்பட்டனர். எங்கள் ஊரிலே முன்னாளில் தந்திச் சேவகனைக் கண்டதுமே வீட்டார் அழத் தொடங்குவர். கட்வாலிலோ தந்தி உயிர் காக்க வந்தது.

1894 ஆகஸ்ட் 25ஆந் தேதி நீர் விளிம்பைக் கடந்தது. நள்ளிரவில் அணை சரிந்தது; ஏரி 390 அடி தாழ்ந்தது. ஸ்ரீநகர், காஷ்மீரத்து நகரன்று, கட்வாலின் பழைய தலைநகர், அழிந்தொழிந்தது. ஆயினும் மாண்டோர் ஐவரே: வெளியேற்றப்பட்டும் தம்மிடத்துக்கு மீண்டு வந்த ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும். எஞ்சிய ஏரி 1970 ஜூலை வெள்ளத்திலே போயிற்று.

எல்லாச் சரிவும் இத்தனை மாத அவகாசம் தருவதில்லை. 2024 ஜூலை 30ஆந் தேதி, விடியுமுன், கேரளத்து வயநாட்டில் மலை இடிந்து ஆற்றோடு இறங்கியபோது, முண்டக்கை, சூரல்மலை மக்கள் உறக்கத்திலிருந்தனர். தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்கள் அவை. அங்கு மாண்ட பலரின் உடல்கள் பின்னர் நெடுந்தொலைவிலே, நிலம்பூர்ப் பக்கத்துச் சாலியாற்றில் மிதந்து வந்தன.