தாஜா செய்பவர்: ஒரு சொல் வசையான வரலாறு

ஒருவரைக் கோழை என்று நேரடியாகச் சொல்ல விரும்பாத அரசியல்வாதிகள் கையாளும் ஆங்கிலச் சொல் ‘அப்பீசர்’. தமிழில் ‘தாஜா செய்பவர்’ எனலாம். மிரட்டுகிறவன் கேட்டதைக் கொடுத்து அவனைச் சாந்தப்படுத்தப் பார்ப்பவர் என்பது அதன் பொருள்.

ஆனால், பிறக்கும்போது அது வசைச்சொல் அல்ல. அமைதியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். பழைய பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலத்திற்கு வந்தது. பசியைத் தணிப்பதும் கோபத்தை ஆற்றுவதும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பின், குறைகளைப் பேசித் தீர்த்து மீண்டும் போர் மூளாமல் தடுக்கும் ராஜதந்திரத்திற்கு அது நல்ல பெயராகவே விளங்கியது.

அந்தப் பெயரைக் கெடுத்தது 1938ஆம் ஆண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் மொழி பேசுவோர் வாழ்ந்த சுடேட்டன் பகுதியை ஹிட்லர் கேட்டார். பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லேன், 69 வயதில், ஒரே மாதத்தில் மூன்று முறை ஜெர்மனிக்குப் பறந்தார். செப்டம்பர் 30 அதிகாலையில் மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளும் கையெழுத்திட்டன. நிலத்தை இழக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் இடமே தரப்படவில்லை.

லண்டன் திரும்பிய சேம்பர்லேனுக்கு மக்கள் ஆரவார வரவேற்பு அளித்தனர். விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சியிருந்த அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1939 மார்ச் 15இல் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. 1940 மே மாதம் சேம்பர்லேன் பதவி விலகினார். அவரையும் அவருடைய சகாக்களையும் சாடி, ‘கேட்டோ’ என்ற புனைபெயரில் அதே ஆண்டு ‘கில்ட்டி மென்’ என்னும் நூல் வெளிவந்தது. அதன் பிறகு அச்சொல் மீளவில்லை.

அதே சொல் பின்னர் மிரட்டும் ஆயுதமாகவும் மாறியது. 1956இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடனுக்கு நாசர் இன்னொரு சர்வாதிகாரியாகத் தெரிந்தார். தாஜா செய்பவர் என்ற பழி தமக்கு வரக்கூடாது என்று படையை அனுப்பினார். அமெரிக்காவின் நெருக்குதலால் அந்தப் படை திரும்பியது; 1957 ஜனவரியில் ஈடன் பதவி இழந்தார்.

சேம்பர்லேன் எதிரியைத் தவறாக எடைபோட்டார்; ஈடன் ஒரு சொல்லுக்கு அஞ்சினார். விட்டுக்கொடுப்பவர் எல்லாரும் தாஜா செய்பவர் அல்லர். விட்டுக்கொடுக்கப்படுவது யாருடைய பொருள், பெறுகிறவன் அதோடு நிறைவடைவானா? இந்த இரண்டையும் கேட்ட பிறகே அந்தப் பட்டத்தை ஒருவருக்குச் சூட்டுவது முறை.