நபீத் முதல் நேந்திரம் வரை

சென்ற ரமளானில் ஒரு மாலை, நோன்பு திறக்கும் வேளையில் என் தாயார் தமக்கு வைத்திருந்த சிவப்புச் சர்பத்தைத் தள்ளி வைத்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் எச்சரித்திருந்தார். "இனிப்பு விரும்புவது குற்றமா, மவனே?" என்று கேட்டார்கள். அன்றிரவு தராவீஹ் முடிந்தபின் ஹதீஸ் நூல்களைப் புரட்டினேன்.

குற்றமில்லை. நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஆயினும் அவ்வீட்டில் இனிப்பு பெரும்பாலும் பழமாகவே இருந்தது. பேரீச்சம்பழத்தை வெள்ளரியுடன் சேர்த்து உண்டார்கள். பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ தோல்பையில் நீரூற்றி ஊறவைத்த பானம் நபீத் எனப்பட்டது. காலையில் ஊறவைத்ததை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் அருந்தியதாக முஸ்லிமில் காண்கிறோம். நாள்கள் கடந்தால் அது புளித்து மதுவாகிவிடும். ஆகவே மூன்று நாள்களுக்கு மேல் வைக்கப்படவில்லை. இரண்டு கனிகளையும் ஒன்றாக ஊறவைக்கவும் தடை வந்தது. விரைந்து புளிப்பேறுவதே அதற்குக் காரணம் என அறிஞர்கள் விளக்குவர். குளிர்பெட்டியில் நான்கு நாள் பழச்சாற்றை மறந்துவிடும் நம் இல்லங்கள் இதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் இந்த வெள்ளைச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? நம் நாட்டிலிருந்துதான்! கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. 'சர்க்கரா' என்னும் சொல் பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆயிற்று. முஸ்லிம்கள் கரும்பை எகிப்துக்கும் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சென்றனர். 'சர்பத்' என்பதும் பருகுதலைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து கிளைத்ததே. யூனானி வைத்தியர்கள் கனிகளையும் மலர்களையும் சர்க்கரைப் பாகில் இட்டுக் காய்ச்சியது மருந்துக்காக. சிறு அளவாகக் கொடுத்த மருந்தை நாம் குவளை குவளையாகக் குடிக்கப் பழகியது பிற்காலத்து வேலை.

பதினான்காம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதா, கோழிக்கோட்டையும் மதுரையையும் கண்டவர், தம் பயண நூலில் மாங்கனியையும் பலாவையும் விரிவாக வருணிக்கிறார். பலாவில் நிலத்தையொட்டிக் காய்ப்பதே கூடுதல் இனிப்பு என்று வேறு எழுதியிருக்கிறார்! எங்கள் பந்தலூர்ப் பெரியவர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். பாதிப் பேர் ஒப்புக்கொண்டனர், மீதிப் பேர் மரத்துக்கு மரம் மாறும் என்று வாதிட்டனர்.

பந்தலூருக்கும் ஓர் இனிப்பு வரலாறு உண்டு. 1877இல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியுடன் சேர்ந்தது. 1880ஐ ஒட்டி இலண்டனில் தொடங்கப்பட்ட கம்பெனிகள் பந்தலூரிலும் தேவாலாவிலும் பொன் தேடி வந்து, சில ஆண்டுகளில் ஏமாந்து போயின. பின்னர் தேயிலை நிலைத்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. குளிரில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையிட்ட தேநீர் அப்போது உடலுழைப்புக்குத் துணை. இன்று மேசைமுன் அமர்ந்திருப்பவரும் அதே மூன்று தேக்கரண்டியை விடவில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாகக் கணித்தது.

மலையாளக்கரை சகோதரர்கள் உறைந்த பாலும் வாழைப்பழமும் சேர்த்து அடிக்கும் 'ஷார்ஜா ஷேக்' எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். அதில் கொட்டும் சர்க்கரையை மட்டும் நீக்கிவிட்டு நபீத்தை நினைத்தேன். இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி அஸர் வேளையில் கால் குவளை நீரில் ஊறவைத்தேன். மக்ரிபுக்குச் சற்று முன் பாதி நேந்திரமும் ஒரு குவளைப் பாலும் சிறிது ஏலமும் சேர்த்து மிக்சியில் அடித்தேன். வடிகட்டவில்லை, வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை விரைவாக இரத்தத்தில் ஏறும். நேந்திரமும் பேரீச்சையும் சர்க்கரை நோயாளிக்குக் கட்டற்ற உணவல்ல என்பதால் மருத்துவரிடம் கேட்டேன். அரைக் குவளைக்கு அவர் அனுமதித்தார்.

தாயார் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு மிடறு பருகினார்கள். "சீனி போட்டியா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நம்பவில்லை, மறுநாள் அடுக்களையில் நின்று தாமே பார்த்தார்கள்.